கருவி மாறினால் நூலும் மாறவேண்டும்

கணினிக்குக் கட்டளையிடுதற்பொருட்டு அறிஞர் ஆக்கிய மொழிகளைச் செய்நிரல் மொழிகள் என்கின்றோம். அவையும் மொழிகளே. அவற்றுக்கும் எழுத்துண்டு, சொல்லுண்டு, தொடரமைதியுண்டு. விதியும் விலக்கும் உண்டு. அவ்விதிகளை வகுத்துரைக்கும் நூல்களும், அந்நூல்களுக்கு விளக்கந் தரும் உரைகளும் உண்டு. ஆதலின், அம்மொழிகளின் நூல்களைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் கருத்துரைக்கப் புகுதல் எல்லை கடந்த செயலாகாது என நம்புகின்றேன். இவ்விழா மலரைக் கையிலெடுப்போருள்ளே இத்துறையிலே தொழில் புரியும் பழைய மாணவர் பலர். இத்துறையை நாடிப் பயிலும் இளைஞர் அவரினும் பலர். இரு சாராரும் எண்ணிப் பார்க்கவேண்டிய பொருளொன்றை இங்கே எடுத்துக்கொள்கின்றேன். தொகுப்பியும் கட்டுங் கருவியும் மாறுந்தோறும் அவற்றைப் பற்றிய நூல்களும் உடன் மாறவேண்டும் என்பதே அது.

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி நேரே விளங்கிக்கொள்ளாது. அதனைப் பொறிமொழியாக மாற்றித் தருவது தொகுப்பி. கொம்பைலர் என ஆங்கிலப் பெயராலும் அதனை வழங்குவர். ஒரு செய்நிரல் பல கோப்புகளாலும், பிறர் எழுதி வைத்த பல பொதிகளாலும் ஆயதாகலின், அவற்றையெல்லாம் தேடித் திரட்டி முறைப்படுத்தித் தொகுப்பியிடம் ஒப்புவிப்பதற்கு வேறொரு கருவி வேண்டும். அதுவே கட்டுங் கருவி. தமிழ் வாசகன் ஒற்றுப்பிழை ஒன்றைக் கண்டால் முகஞ் சுளிப்பான். ஆயினும் பொருளை உணர்ந்துகொண்டு மேலே செல்வான். தொகுப்பிக்கு அத்தகைய இரக்கம் இல்லை. ஒரு குறி தவறினும் அது வேலையை நிறுத்திவிடும். எனவே, வழிகாட்டி நூலிலே ஒரு கட்டளை பழையதாகிவிட்டால், அந்நூலை நம்பித் தொடங்கிய முயற்சி முழுவதும் அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

இதற்கு உலகறிந்த சான்றொன்று கூறுவேன். பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் றிச்சி என்பார் ஆக்கிய சீ மொழிக்கு, அவரும் பிரையன் கேர்னிகன் என்பாரும் சேர்ந்து 1978 ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டனர். அதன் இரண்டாம் பதிப்பு 1988 இல் வந்தது. சுருக்கமும் தெளிவும் ஒருங்கே அமைந்த அந்நூலைச் சூத்திரநூல் போலப் போற்றுவோர் இன்றும் உளர். உலகுக்கு வணக்கங் கூறும் ஐந்தாறு வரிச் செய்நிரலே அதன் முதற் பாடம். அச்செய்நிரலிலே, தலைமைச் செயலி எவ்வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்பது சொல்லப்படவில்லை. சொல்லாதவிடத்து முழுவெண் என்று கொள்ளுதல் அக்காலத்து மரபு. 1999 ஆம் ஆண்டின் நியமம் அம்மரபை நீக்கியது. எனினும், பெரிதும் வழங்கும் ஜீ.சீ.சீ. என்னுந் தொகுப்பி பல்லாண்டுகளாக எச்சரிக்கை மட்டுமே தந்து, பழைய நிரல்களை ஏற்று வந்தது. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான அதன் 14 ஆம் பதிப்பு, வேறு கட்டளை கொடுத்தாலன்றி அதனைப் பிழையென்றே தள்ளிவிடுகின்றது. நூலின் முதற் பாடத்தை எழுத்துப் பிசகாமற் பெயர்த்தெழுதும் மாணவன், இன்று முதற் படியிலேயே தடுக்கப்படுகின்றான்.

தமிழிலக்கணம் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று கூறும். இலக்கணத்தோடு பொருந்தாவிடினும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. மேற்கூறிய சீ மொழி வழக்கு, 1999 வரையும் வழாநிலை. பின்னர் ஏறக்குறையக் கால் நூற்றாண்டு வழுவமைதி. 2024 முதல் அத்தொகுப்பியளவில் வழு. நூல் மாறவில்லை, மாணவனும் தவறிழைக்கவில்லை. நூலுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள உறவே மாறியது. அம்மாற்றத்தைச் சொல்லவேண்டியவர் சொல்லாதவிடத்து, தவறெல்லாம் தன்னதே என்று மாணவன் எண்ணுகின்றான்.

இரண்டாவது சான்று இன்னும் நுட்பமானது. கூகிள் நிறுவனத்தார் 2009 ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட மொழியொன்றின் பெயர் 'கோ'. தமிழிலே கோ என்பது அரசனைக் குறிக்கும். அம்மொழியின் பெயரோ செல்லுதல் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல். 2012 ஆம் ஆண்டிலே அதன் முதலாம் பதிப்பு வெளியானபோது, ஆக்கியோர் அரசர்க்குரிய வாக்குறுதியொன்றை அளித்தனர். அப்பதிப்பின் இலக்கணத்துக்கு அமைய எழுதிய செய்நிரல்கள், பின்வரும் பதிப்புகளிலும் பொதுவாகப் பழுதின்றித் தொகுக்கப்படும் என்பது அவ்வாக்குறுதி. பெருமளவிற்கு அதனைக் காத்தும் வருகின்றனர். ஆனால் அவ்வாக்குறுதி மொழிக்கே உரியது. தொகுப்பி, இணைப்பி, கட்டுங் கருவி முதலியவற்றின் நடத்தை மாறக்கூடும் என்று அவர்களே அங்கே கூறி வைத்தனர்.

மாறவுஞ் செய்தது. தொடக்கத்திலே, ஒருவர் எழுதும் மூலநிரல் யாவும், இரவல் வாங்கும் பொதிகளோடு சேர்த்து, கணினியிலே குறித்த ஒரு கோப்புறையின் கீழ் இருத்தல் வேண்டும் என்பது விதி. 2018 ஆம் ஆண்டு ஓகஸ்டில் வந்த 1.11 ஆம் பதிப்பு, மொடியூல் என்னும் புதுமுறையை அறிமுகஞ் செய்தது. 2021 பெப்ரவரியில் வந்த 1.16 ஆம் பதிப்பில் அதுவே இயல்பான முறையாயிற்று. 'கோ கெட்' என்னுங் கட்டளை, முன்னர்ப் பொதியைக் கொணர்ந்து கட்டி நிறுவியும் தந்தது. 2022 மார்ச்சில் வந்த 1.18 ஆம் பதிப்பு முதல் அது நிறுவித் தருவதில்லை. அவ்வேலை 'கோ இன்ஸ்டோல்' என்னும் வேறொரு கட்டளைக்கு உரியதாயிற்று. 2015 ஆம் ஆண்டிலே டொனவன், கேர்னிகன் என்னும் இருவரும் வெளியிட்ட, கோ மொழி பற்றிய சிறந்த நூலை எடுத்துப் பாருங்கள். மொழியின் இயல்பை விளக்கும் அதிகாரங்கள் இன்றும் பெரும்பாலும் செல்லும். ஆயின் பொதிகளையும் கட்டுங் கருவியையும் பற்றிய பகுதி பழைய கோப்புறை முறையையே கூறும். அங்ஙனஞ் செய்யும் மாணவனுக்குப் புதிய கருவி பணியாது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். மொழியைப் பற்றிய பகுதி மெல்லப் பழையதாகின்றது. கருவியைப் பற்றிய பகுதி விரைந்து பழையதாகின்றது. கருவியைப் பற்றிய பகுதியோ நூலின் முதற் பக்கங்களிலே இருப்பது. எவ்வாறு நிறுவுவது, எங்கே கோப்பை வைப்பது, எக்கட்டளையாற் கட்டுவது என்பனவே தொடக்கப் பாடங்கள். அப்பக்கங்களைத் துறைபோகிய வல்லுநர் மீண்டும் படிப்பதில்லை. படிக்கவேண்டிய தேவையும் அவர்க்கு இல்லை. படிப்பவன் புதிதாக வருபவனே. பிழையைக் கண்டறிய வல்லவன் அப்பக்கத்தைக் காண்பதில்லை. அப்பக்கத்தைக் காண்பவனுக்கோ பிழையைக் கண்டறியும் வன்மை இன்னும் வரவில்லை. வாயிற்படி இடிந்து கிடக்க, உள்வீட்டை ஓயாது அழகு செய்யும் வீட்டுக்காரரை ஒப்பர் இத்துறையினர்.

இதனால் விளையுங் கேடு சிறிதென்று எண்ணற்க. நகரத்திலே பெரிய நிறுவனமொன்றிற் பணிபுரிபவன் பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்டுத் தெளிவான். நம் ஊர்களிலே தனித்திருந்து பயிலும் மாணவனுக்கு அப்பேறு இல்லை. அவனுக்கு நூலே ஆசான். உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் நம் மாணவர் பைதன் மொழியைக் கற்கின்றனர். அம்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது; இரண்டாம் பதிப்புக்குரிய ஆதரவு 2020 ஜனவரி முதலாந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. பழைய பதிப்பிலே, அச்சிடுங் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி வேண்டியதில்லை. புதியதிலே அது இன்றியமையாதது. பழைய வழிகாட்டி நூலொன்று ஒரு மாணவன் கையிற் கிடைத்தால், முதல் வரியிலேயே அவன் இடறுவான். அவ்வாறு இரண்டு மூன்று முறை இடறிய பிள்ளை, 'எனக்கு இது வராது' என்று சொல்லி வேறு துறைக்குப் போய்விடக் கூடும். நூலின் குற்றத்துக்காகப் பிள்ளை தண்டிக்கப்படுகின்றான். ஆசிரியராயுள்ளோர் பொறுக்கக்கூடாத அநீதி இது.

இதற்குச் சிலர் கூறும் மறுமொழிகளையும் ஆராய்தல் முறையாகும்.

'கருவிகளை ஓயாது மாற்றுவதாலன்றோ இத்தொல்லை? மாற்றாது விட்டாலென்ன?' என்பர் ஒருசாரார். மாற்றங்கள் வீணாகச் செய்யப்பட்டவை அல்ல. சீ மொழியிலே அறிவிக்கப்படாத செயலியும் முழுவெண்ணையே தரும் என்று கொள்ளும் பழைய மரபொன்று உண்டு. இன்றைய கணினிகளிலே நினைவக முகவரி 64 இருமங்களாகவும், முழுவெண் பெரும்பாலும் 32 இருமங்களாகவும் இருத்தலின், முகவரியைத் தரும் செயலி அம்மரபின்படி கொள்ளப்பட்டால் முகவரியின் பாதி அறுந்துபோகும். அதனால் விளையும் பிழை கண்ணுக்குத் தெரியாது ஒளித்திருக்கும். கோ மொழியின் பழைய முறையிலோ, இரண்டு வேலைகளுக்கு ஒரே பொதியின் இருவேறு பதிப்புகள் தேவைப்படின், இரண்டையும் அந்த ஒரு கோப்புறையில் வைத்தல் இயலாது. இக்குறைகளை நீக்கவே மாற்றங்கள் வந்தன. எனவே மாற்றத்தைக் குறைகூறுதல் என் கருத்தன்று. கருவியை மாற்றியபின் நூலை மாற்றாது விடுதலையே குறைகூறுகின்றேன்.

'வேண்டியதை வலைத்தளங்களிலே தேடிக் கொள்ளலாமே' என்பர் வேறொரு சாரார். தேடலாம். ஆனால் நெடுநாள் நிலைத்துப் பலராலும் சுட்டப்பட்ட பழைய பக்கமே பலவேளைகளில் முன்வந்து நிற்கும். அப்பக்கத்திலே திகதியும் இராது. எப்பதிப்புக்கு உரியது என்ற குறிப்பும் இராது. எது பழையது, எது புதியது என்று பிரித்தறியுந் திறன், கற்று முடித்தவனுக்கு உரியது. கற்கத் தொடங்குபவனிடம் அதனை எதிர்பார்த்தல், நீந்தத் தெரிந்தபின் குளத்தில் இறங்கு என்பது போலும்.

'நூலைத் திருத்துதற்கு ஆள் இல்லை. பொழுதும் இல்லை' என்பது மூன்றாவது மறுமொழி. இதிலே உண்மை உண்டு. புதிய வசதியொன்றை ஆக்கியவர்க்குப் பெயரும் புகழும் கிடைக்கின்றன. பழைய பக்கமொன்றைத் திருத்தியவரை நினைப்பார் அரியர். நம் மரபு அவ்வாறு எண்ணியதில்லை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூலை இயற்றியபோது, வழக்கிறந்த பழையன நீங்குதலும் வழக்கில் வந்த புதியன சேர்தலும் குற்றமாகா என்று விதி செய்தார். அந்நூலுக்குச் சங்கரநமச்சிவாயர் ஓர் உரை செய்தார். பின்வந்த சிவஞான முனிவர், அவ்வுரையைத் தள்ளிவிட்டுத் தாமொன்று புதிதாக எழுதவில்லை. இருந்த உரையையே எடுத்து, வேண்டியவிடத்துத் திருத்தியும் விரித்தும் புத்துரையாக்கினார். பிறர் உரையைத் திருத்துதல் தம் புலமைக்கு இழுக்கு என்று அம்முனிவர் கருதவில்லை. மாணவர் எளிதில் உணருமாறு நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்த ஆறுமுக நாவலரும் தொடக்க மாணவனுக்காக உழைத்தலை இழிவாகக் கருதவில்லை. திருத்துவோரைப் புலவரென மதித்த சமுதாயத்திற் பிறந்த நாம், திருத்துந் தொழிலைக் கடைநிலைத் தொழிலாக எண்ணலாகாது.

எனினும் ஒரு வேறுபாட்டையும் மறைக்காமற் கூறவேண்டும். பழைய இலக்கண உரை அக்காலத்து மொழிநிலைக்குச் சான்றாக என்றும் பயன்படும். கருவி நூலின் பழைய பக்கமோ, அப்பழைய கருவியை இன்றும் ஆளுவோர்க்கும் வரலாறு எழுதுவோர்க்கும் மட்டுமே பயன்படும். ஆகவே பழைய பக்கத்தை அழித்தலும் தகாது. புதியது போலத் தோன்ற விடுதலும் தகாது. பழைமை குற்றமன்று, காலம் குறிக்கப்படாத பழைமையே குற்றம்.

இனிச் செய்யத்தக்கன யாவை எனக் கூறுவேன். முதலாவது, கருவியை மாற்றுபவரே அம்மாற்றத்தோடு சேர்த்து நூலையும் திருத்துதல் வேண்டும். நூல் திருத்தப்படும்வரை மாற்றம் முற்றுப்பெறவில்லை என்பதே விதியாதல் வேண்டும். 'பின்னர்ப் பார்ப்போம்' என்று விட்ட வேலை பெரும்பாலும் பாராமலே போகும்.

இரண்டாவது, ஒவ்வொரு பக்கமும் தான் எப்பதிப்புக்கு உரியது என்று தலைப்பிலேயே கூறுதல் வேண்டும். பைதன் மொழியின் ஆவணங்கள் இதற்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி ஆவணம் பேணப்படுகின்றது. இன்ன பதிப்பில் மாறியது, இன்ன பதிப்பு முதல் விலக்கத்தக்கது என்ற குறிப்பும் உரியவிடத்தில் உள்ளது. அம்மொழியிலே பொதிகளைக் கட்டுதற்கு நெடுங்காலம் வழங்கிய 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்னுங் கருவி, 2021 இல் வந்த 3.10 ஆம் பதிப்பில் விலக்கத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2023 இல் வந்த 3.12 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. இடையே இரண்டாண்டு தவணை கிடைத்தது. இவ்வாறு முன்னறிவித்து நீக்குதல் நாகரிகம்.

மூன்றாவது, நூலிலுள்ள எடுத்துக்காட்டுகளைப் பொறியே இயக்கிச் சோதித்தல் வேண்டும். 2001 ஆம் ஆண்டு முதலே பைதன் மொழியில் இதற்கென ஒரு பொதி உண்டு. றஸ்ட் மொழியிலே, விளக்கவுரையினுள் எழுதிய எடுத்துக்காட்டு நிரல்கள் சோதனையின்போது தாமே தொகுக்கப்பட்டு இயக்கப்படுகின்றன. கோ மொழியிலும் எடுத்துக்காட்டின் விடை சரிதானா என்று ஒப்புநோக்கும் வசதி உண்டு. தொகுப்பி மாறியதும் எடுத்துக்காட்டு முறிந்தால், மாணவன் காணுமுன் ஆக்கியோன் காண்பான். ஆயினும் பொறியின் காவல் நிரலோடு நின்றுவிடும். நிறுவும் முறையையும் அதனை விளக்கும் உரைநடையையும் மனிதரே சரிபார்த்தல் வேண்டும். கோ மொழி ஆண்டுக்கு இருமுறை, பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் புதிய பதிப்பைத் தருகின்றது. றஸ்ட் ஆறு கிழமைக்கு ஒருமுறை தருகின்றது. பைதன் ஆண்டுதோறும் ஒக்டோபரில் தருகின்றது. புதுப்பதிப்பு வருந்தோறும் ஒருவர், யாதொன்றும் நிறுவப்படாத கணினியொன்றை எடுத்து, நூலின் முதற் பக்கத்திலிருந்து சொல்லியபடியே செய்து பார்த்தல் வேண்டும். அவர் துறைக்குப் புதியவராயின் மிக நன்று.

நான்காவது, தொகுப்பி சொல்லும் வழுச்செய்தியும் ஓர் உரையே என்று உணர்தல் வேண்டும். பைதன் மொழியின் புதிய பதிப்பிலே அடைப்புக்குறியின்றி அச்சிடுங் கட்டளையை எழுதினால், அடைப்புக்குறி விடுபட்டது என்று கூறி, நீ கருதியது இதுவோ எனவும் அது வினவுகின்றது. நல்லாசிரியன் செயலும் அதுவேயன்றோ? பழைய நூலாற் கெட்டவனை வழிப்படுத்த இதனினும் சிறந்த இடம் வேறில்லை.

தமிழிலே கணினி நூல் எழுதுவோர்க்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். மூலம் திருந்தி, அதன் பின்னரே மொழிபெயர்ப்புத் திருந்துவதால் மொழிபெயர்ப்பு நூல் இருமடங்கு பின்தங்குகின்றது. ஆகையால் மூலத்தின் எப்பதிப்பைப் பார்த்து எந்த ஆண்டில் மொழிபெயர்த்தோம் என்பதை முகப்பிலே பொறித்தல் கடன். நிறுவுதல், கட்டுதல் ஆகியவற்றைக் கூறும் அதிகாரத்தைத் தனிப் பிரிவாக அமைத்தால், முழு நூலையும் மீள அச்சிடாது அப்பிரிவை மட்டும் புதுப்பித்தல் எளிதாகும்.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுட் பலர் இத்துறையிலே உள்நாட்டிலும் கடல் கடந்தும் உயர்நிலையில் இருக்கின்றீர்கள். கல்லூரிக்குக் கணினிகளை வழங்குகின்றீர்கள், நன்றி. கணினியோடு வரும் வழிகாட்டியும் இன்றைக்கு உரியதாக இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாளை ஒதுக்கி, எம் மாணவர் கையாளும் குறிப்பேடுகளின் முதற் பக்கங்களைச் செய்து பார்த்துத் திருத்தித் தருவீர்களாயின், அது பொருட்கொடையினும் குறைந்த கொடையாகாது. நூலகப் பொறுப்பாளரும் பழைய கணினி நூல்களை வீசிவிடாது, இன்ன பதிப்புக்கு உரியது என்ற சீட்டை உள்ளட்டையில் ஒட்டி வைப்பாராக.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நூலிற் கூறியபடி செய்தும் செய்நிரல் இயங்காவிடின், உங்களை நொந்துகொள்ளுமுன் நூலின் ஆண்டையும் கருவியின் பதிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டிருப்பின், புதிய முறையைக் கண்டறிந்தபின் அதனை அப்பக்கத்தின் ஓரத்திலே திகதியுடன் குறித்து வையுங்கள். இயலுமாயின் நூலை ஆக்கியோருக்கும் எழுதி அறிவியுங்கள். உங்களுக்குப் பின் அப்பக்கத்தைத் திறக்கும் பிள்ளை அந்த ஒரு வரியால் ஒரு முழு நாளை மிச்சப்படுத்துவான்.